அடங்காத பிள்ளையும் ஓய்ந்துபோன தாயும்

"எப்பப் பாத்தாலும் மஸ்தி பண்ணுதான். சொல்பேச்சு கேக்கவே மாட்டுக்கான். அடிச்சா அவன் அழலை, நாந்தான் அழுதேன்." திருநெல்வேலிப் பேச்சும் பம்பாய் இந்தியும் கலந்த இந்தப் புலம்பல் மும்பை தாராவியின் சந்துகளுக்குப் புதிதல்ல. தோல் பதனிடும் வேலைக்காகவும் பிழைப்புக்காகவும் தென்தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகளே இன்று அங்கே பெற்றோர். புலம்பும் தாய்க்குச் சந்தில் கிடைக்கும் பதிலும் பழையதுதான்: "வளர்ப்பு சரியில்லை."

இந்தத் தீர்ப்பு தவறு என்று கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளையின் நடத்தைச் சிக்கல் தாயின் மனத்தை அழுத்துகிறது. அழுந்திய மனம் பிள்ளையைக் கையாளும் விதத்தை மாற்றுகிறது. அது பிள்ளையின் சிக்கலை இன்னும் வளர்க்கிறது. தாயைக் குற்றம் சொல்வதால் இந்தச் சுழல் வேகம் கூடும். அவளுடைய பாரத்தைக் குறைத்தால் பிள்ளையின் நடத்தையும் சேர்ந்து மாறக்கூடும்.

எது சேட்டை, எது சிக்கல்?

இரண்டு மூன்று வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுவது நோயல்ல. ஆசையை அடக்குவது, காத்திருப்பது, கோபத்தைச் சொல்லாக மாற்றுவது ஆகிய வேலைகளைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். நான்கு வயதுக் குழந்தையிடம் நாற்பது வயதுப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

கவலைப்பட வேண்டியது எப்போது? மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆறு மாதத்துக்கும் மேலாக நீடிக்கிறதா? இரண்டு, வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளியிலும் விளையாடும் இடத்திலும் அப்படித்தானா? மூன்று, படிப்பையோ நட்பையோ உடம்பையோ கெடுக்கிறதா? மூன்றுக்கும் விடை 'ஆம்' என்றால் மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.

அடங்காத நடத்தைக்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கலாம். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு உலகக் குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2007-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்தக் குறைபாட்டில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவையும் பிடிவாதமாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படலாம். காது சரியாகக் கேட்காத பிள்ளை 'கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தவன்' ஆகிறான். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை, அதை மறைக்க வகுப்பில் கோமாளித்தனம் செய்கிறான். வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தால் அந்தப் பயம் பிள்ளையிடம் ஆத்திரமாக வெளிவரும். இத்தனையையும் 'வளர்ப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது நியாயமல்ல.

சுழல் எப்படி உருவாகிறது?

மாலை ஏழு மணி. பத்துக்குப் பத்து அறை. இரவு வேலைக்குப் போக வேண்டிய தகப்பன் ஒரு மூலையில் படுத்திருக்கிறார். தாய் தரையில் உட்கார்ந்து அப்பளம் தேய்க்கிறாள். காலைக்குள் முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஆறு வயதுப் பையன் போன் கேட்கிறான். "படிச்சிட்டு வா, தாரேன்." அவன் கத்துகிறான். "கத்தாதே, அப்பா தூங்குதாங்க." அவன் தண்ணீர்க் குடத்தை எட்டி உதைக்கிறான். தகப்பன் புரண்டு படுக்கிறார். தாய் போனை எடுத்து நீட்டுகிறாள். அறை அமைதியாகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்திருக்கிறார்கள். கத்தி உதைத்தால் கேட்டது கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று தாய் கற்றுக்கொண்டாள். அவனுக்குப் போன் பரிசு, அவளுக்கு அமைதி பரிசு. மறுநாள் கத்தல் நேற்று நின்ற இடத்திலிருந்து தொடங்கும். இன்னொரு நாள் அவள் பொறுக்க முடியாமல் ஓங்கி அறைகிறாள். அவன் திகைத்து அடங்குகிறான். 'அடித்தால் அடங்குவான்' என்று அவளுக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை கை தானாக எழுகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்று நிமிட நிமிடமாகக் குறித்தவர் ஜெரால்ட் பேட்டர்சன். 1982-இல் வெளியான நூலில் இந்தக் கட்டாயச் சுழலை அவர் விளக்கினார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஐந்து முறை மறுத்து ஆறாவது முறை கொடுத்தால், பிள்ளை கற்பது 'விடாமல் கத்து' என்பதையே. எப்போதாவது கிடைக்கும் பரிசு உண்டாக்கும் பழக்கம்தான் எளிதில் அழியாதது என்பது நடத்தை உளவியலின் அடிப்படைக் கண்டுபிடிப்பு.

காமெரான் நீஸ், ஷுலமைட் கிரீன், புரூஸ் பேக்கர் ஆகியோர் மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை ஒரே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். பெற்றோரின் அழுத்தம் கூடினால் பின்னர் பிள்ளையின் நடத்தைச் சிக்கல் கூடியது. பிள்ளையின் சிக்கல் கூடினால் பின்னர் பெற்றோரின் அழுத்தம் கூடியது. வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை அதிகம் அழுத்துவது தாமதத்தைவிட நடத்தைச் சிக்கலே என்று பேக்கரின் குழு 2003-இலேயே காட்டியிருந்தது. மெதுவாகக் கற்கும் பிள்ளையோடு வாழப் பழகிக்கொள்ள முடிகிறது; நாள் முழுக்கக் கத்திக் கடிக்கும் பிள்ளையோடு வாழ்வதுதான் ஆளை உருக்குகிறது.

அடி பற்றியும் தெளிவான விடை உண்டு. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, 1 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளின் தரவை 2016-இல் அலசினர். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாக இருந்தன. அடியால் நீண்ட நாள் பணிவு வந்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

தாயின் உடம்பில் என்ன நடக்கிறது?

ஆபத்தைக் கண்டதும் உடம்பு கார்ட்டிசால் என்ற சுரப்பைக் கூட்டும். ஆபத்து நீங்கியதும் குறைக்கும். சாதாரண நாளில் இது காலையில் உயர்ந்து இரவில் தணியும். பல ஆண்டு ஓயாத நெருக்கடியில் வாழ்பவர்களிடம் இந்த ஏற்ற இறக்கமே மங்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார்களின் கார்ட்டிசால் அளவை மார்ஷா செல்ட்சர் குழு 2010-இல் ஆராய்ந்தது. அது இயல்பைவிடத் தாழ்ந்து கிடந்தது. போர்முனையிலிருந்து வந்த வீரர்களிடம் காணப்படும் பாங்கும் இதுவே என்று அந்தக் குழு எழுதியது.

2004-இல் எலிசா எபெல், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோர் குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற பகுதியை அளந்தனர். வயது ஏற ஏற அது குறுகும். நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார்களில், எத்தனை ஆண்டுகள் பராமரித்தார்களோ அந்த அளவுக்கு அது குறுகியிருந்தது. மிக அதிக அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் செல்களில், குறைந்த அழுத்தத்தை உணர்ந்தவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து ஆண்டு கூடுதல் முதுமைக்கு ஈடான குறுக்கம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் 'எல்லாம் மனசுலதான்' என்று தாயின் களைப்பை ஒதுக்குபவர்களுக்கு அது போதுமான பதில்.

அறையின் அளவும் மனத்தின் அளவும்

இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தாராவியில் ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை வாழ்வதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. தூங்குவது, சமைப்பது, படிப்பது, அப்பளம் தேய்ப்பது எல்லாம் ஒரே அறையில். விடியுமுன்னே தண்ணீர் பிடிக்க வேண்டும். பொதுக் கழிப்பறையில் வரிசை. ஓடியாட வேண்டிய பிள்ளைக்கு ஓட இடமில்லை.

இந்த நெருக்கத்தின் விளைவை நம் நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். கேரி எவன்ஸ், ஸ்டீபன் லெபோர் ஆகியோர் இந்திய உளவியலாளர்கள் ஷெஜ்வல், பல்சானே ஆகியோருடன் சேர்ந்து புனேயில் 10 முதல் 12 வயது வரையான உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். வீட்டில் நெரிசல் கூடக் கூட, பள்ளியில் நடத்தைச் சிக்கல் கூடியது, படிப்பு குறைந்தது. இதற்கு நடுவே இருந்து வேலை செய்தது பெற்றோர்–பிள்ளை பூசல். இடநெருக்கம் உறவை உரசிப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் பிள்ளையின் நடத்தையில் தெரிகிறது.

பணநெருக்கடியும் இதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே மனிதர்கள் சிந்தனைச் சோதனைகளில் குறைவாகவே செய்தார்கள். மனத்தின் கவனமும் காலையில் வரும் குழாய்த் தண்ணீர் போல அளவோடுதான் வருகிறது. வாடகைக்கும் கடனுக்கும் மொண்டு ஊற்றியது போக மிச்சம்தான் பிள்ளைக்கு. பொறுமை இல்லாதவள் என்று ஒரு தாயைச் சொல்லும் முன், அவள் பொறுமை எங்கெல்லாம் செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

எது உதவுகிறது?

நடத்தைச் சிக்கல் உள்ள சிறு குழந்தைகளுக்கு மிக அதிகச் சான்றுள்ள உதவி, பெற்றோருக்கான பயிற்சி. உலகின் பல பயிற்சித் திட்டங்களும் சில எளிய செயல்களையே அடித்தளமாகக் கொண்டவை.

முதலாவது, தினமும் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாட்டு. அதில் பிள்ளைதான் தலைவன். கேள்வி, கட்டளை, பாடம் எதுவும் வேண்டாம். அவன் தீப்பெட்டிகளை அடுக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து, "சிவப்பு மேல நீலம் வைக்கியா!" என்று சொன்னால் போதும். திட்டு வாங்கத்தான் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று பழகிய பிள்ளைக்கு, நல்லபடி இருக்கும்போதும் பார்ப்பாள் என்பது புதிய செய்தி.

இரண்டாவது, நல்லதை உடனே, பெயர் சொல்லிப் பாராட்டுவது. "நல்ல பையன்" என்பதைவிட, "கூப்பிட்ட உடனே வந்தியே, சந்தோசமா இருக்கு" என்பது வேலை செய்யும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, சுருக்கமாக. "ஓடாதே" என்பதைவிட "என் கையைப் பிடி" என்று சொல்வது நல்லது. எதைச் செய்யக் கூடாது என்பதைக் காட்டிலும் எதைச் செய்ய வேண்டும் என்பது சிறு மூளைக்கு எளிதில் விளங்கும்.

நான்காவதுதான் கடினம்: ஆபத்தில்லாத அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது. முதல் சில நாள் கத்தல் குறையாமல் கூடும். பழைய வழி பலிக்காததால் பிள்ளை இன்னும் ஓங்கி முயல்கிறான். இது தோல்வியின் அடையாளமல்ல. முறை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

புத்தகங்கள் 'பிள்ளையைத் தனி அறையில் சிறிது நேரம் உட்கார வையுங்கள்' என்கின்றன. தாராவியில் தனி அறை ஏது? தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு நிமிடம் தன் வேலையைப் பார்ப்பதே அங்கே அதற்கு ஈடு. கத்தல் அடங்கிய கணத்தில் உடனே திரும்பிப் பேச வேண்டும். இன்னொரு இடைஞ்சலும் உண்டு. மெல்லிய சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து, "ஏன்ட்டி புள்ளைய அழ விடுத?" என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிவிடுவார். அன்போடு செய்வதுதான். ஆனால் அழுகைக்குக் கிடைத்த பரிசு அது. அதனால் இந்தப் பயிற்சி நான்கு சுவருக்குள் நடக்காது. ஆச்சி, அத்தை, மாமா, பக்கத்து வீடு எல்லோரிடமும், "ஒரு மாசம் அவன் அழுதா யாரும் எதுவும் கொடுக்காதீங்க, சமத்தா இருக்கையில கொடுங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். அவர்களும் சேர்ந்துகொண்டால், தனிக்குடித்தனத்தில் இருக்கும் தாய்க்குக் கிடைக்காத துணை தாராவித் தாய்க்குக் கிடைக்கும்.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவர்கள் வேண்டுமா? கோவாவில் சங்கத் என்ற அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் அதன் கூட்டாளிகளும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. மருத்துவப் படிப்பில்லாத பயிற்சி பெற்ற பணியாளர்களே ஆறு மாதத்தில் 12 அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்கை உணர்ந்து பேசுவது மேம்பட்டது. பிள்ளைகளும் தாமாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென வகுத்த பயிற்சியும் 9 குழு அமர்வு, 3 வீட்டு வருகை என்ற எளிய அளவில்தான் இருக்கிறது.

தாராவித் தமிழர் பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமப் பணியாளர்களைப் பிள்ளைகளின் வீட்டுக்கே அனுப்பி ஆரம்பகாலச் சிகிச்சை தருகிறது. அங்கே பிள்ளையின் முன்னேற்றத்தோடு பராமரிப்பவரின் சுமையும் சேர்த்தே அளக்கப்படுகிறது. எல்லா இடத்திலும் பின்பற்ற வேண்டிய வழக்கம் இது.

தாய்க்கும் சிகிச்சை

2014-இல் காமெரான் நீஸ் செய்த ஒரு சோதனை இங்கே முக்கியம். வளர்ச்சித் தாமதம் உள்ள சிறுவர்களின் பெற்றோருக்கு மட்டும் மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது போன்ற மனஅமைதிப் பயிற்சியை வாரக்கணக்கில் கொடுத்தார். பிள்ளைகளுக்கு எதுவும் தரவில்லை. பெற்றோரின் அழுத்தமும் சோர்வும் குறைந்தன. பிள்ளைகளின் கவனச் சிதறல் குறைந்ததாகவும் அவர்கள் தெரிவித்தனர். பெற்றோரின் வாக்கை நம்பிய அளவீடு என்பதைக் கணக்கில் கொண்டாலும், சுழலைத் தாயின் பக்கத்திலிருந்தும் நிறுத்தலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகளை ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மேன் 1984-இல் இரண்டாகப் பிரித்தனர். சிக்கலைத் தீர்க்க முயல்வது ஒன்று. சிக்கல் தரும் மனவலியைத் தணிப்பது மற்றது. இரண்டும் வேண்டும். ஒதுங்கி ஓடுவதும், யாரிடமும் சொல்லாமல் மறைப்பதும், குடியில் மூழ்குவதும் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. வாரத்தில் ஒரு மாலை தகப்பன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, இதே நிலையில் உள்ள இன்னொரு தாயோடு மனம் விட்டுப் பேசுவது, தூக்கத்தைக் காப்பது ஆகியவை ஆடம்பரமல்ல. கை ஓங்கும் கணத்தில் வாசலுக்கு வந்து பத்து மூச்சு நிதானமாக விடுவதும் சிகிச்சையே.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லா அழுகை, 'செத்துவிடலாமா' என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எங்கே போவது?

தாராவிக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது சயான் மருத்துவமனை. குழந்தைகள் மருத்துவமும் மனநல மருத்துவமும் அங்கே உண்டு. அதன் கீழ் இயங்கும், 'சோட்டா சயான்' என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புற நல மையம் தாராவிக்குள்ளேயே இருக்கிறது. சயானில் குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, தாராவியில் வீட்டு வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆலோசனை தருகிறது. பிள்ளையின் ஆத்திரத்துக்கு வேர் தகப்பனின் அடியில் இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் இதுபோன்றதே. வளர்ச்சிச் சிக்கல்களுக்கென விபா கிருஷ்ணமூர்த்தி 2001-இல் தொடங்கிய உம்மீத் மையமும் மும்பையிலேயே இருக்கிறது.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "உங்க பையனை வேற ஸ்கூல்ல சேருங்க" என்று சொல்லப்படும் தாய் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்குபவை. சான்றிதழ் பெற்றால் தேர்வில் சலுகை கேட்கலாம்.

மருத்துவர்களிடமும் ஆசிரியர்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடங்காத பிள்ளையை ஒரு தாய் அழைத்து வந்தால், பிள்ளையைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் முன், "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? கூடமாட யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, அறிவுரையை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையை வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளையின் நடத்தை உங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வும் உங்கள் பிள்ளையின் சிகிச்சையில் ஒரு பங்குதான்.